ஏணை கட்டிய இடங்கள்

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் கைக்குழந்தையைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். நம் மக்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியை முதலில் வைப்பர். பின்னர் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகள், விடுதிகள், உதவித்தொகைகள் என்று வரிசையாகக் கூறிச் செல்வர். அவை யாவும் எழுதப்பட வேண்டியவையே. ஆயினும், பள்ளி திறந்திருந்தும், சம்பளம் கட்ட வேண்டாதிருந்தும், நடுப்பகலில் ஒரு வேளைச் சோறு கிடைத்தும், நம் பெண்பிள்ளைகள் மூன்றாம் வகுப்போடும் நான்காம் வகுப்போடும் நின்றுபோனது ஏன் என்னும் கேள்விக்கு அவ்வரிசையில் விடை கிடைப்பதில்லை. முப்பத்தேழு ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றிய எனக்கு அவ்விடை ஏணையில் கிடைத்தது. வேலைக்குச் செல்லும் இளந்தாய் தன் பச்சைக் குழந்தையை எங்கே கிடத்தினாள், யாரிடம் விட்டாள் என்பதைப் பொறுத்தே அவ்வீட்டு மூத்த பெண்ணின் படிப்பு நின்றது அல்லது நடந்தது. ஆகவே, ஏணை கட்டிய இடங்களின் வரலாற்றை இங்கே எழுதத் துணிந்தேன்.

பாலாற்றங்கரைச் சிற்றூர்களில் 1950களில் ஒரு சேரிப்பெண் பிள்ளை பெற்றால் அவளுக்கு நடந்தது என்ன என்பதை முதலில் கூறிவிடுகிறேன். பேறு குடிசையிலேயே நிகழும். சேரியின் மூத்த பெண்களே பேறு பார்ப்பார்கள். சுக்கும் திப்பிலியும் இடித்த காய மருந்து, பூண்டு, கருவாடு ஆகியவை பத்திய உணவு. சிலர் வீட்டில் தீட்டுக் கழிக்கும் பதினாறாம் நாள் வரையேனும் ஓய்வு உண்டு என்பர். அது அறுவடை முடிந்து பானையில் தானியம் உள்ள மாதத்தில் பிறந்த குழந்தையின் தாய்க்கே வாய்த்தது. நடவு மாதத்தில் பிள்ளை பெற்றவள் பத்து நாளில் வயலில் நின்றாள். அவளை வேலைக்கு வரச்சொல்லி எவரும் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கூலி அன்றன்று அளந்து கொடுக்கப்பட்டது. ஒரு நாள் போகாவிட்டால் அன்றிரவு அடுப்பில் கூழ் ஏறாது. அன்று பெண்ணின் கூலி ஆணின் கூலியிலும் குறைவு. அக்குறைந்த கூலியும் இல்லையேல் தாய்க்குப் பால் சுரக்க உணவு ஏது?

விடியுமுன் எழுவாள். குழந்தைக்குப் பால் கொடுத்து, வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவாள். வசம்புக்குப் பிள்ளைவளர்ப்பான் என்று ஒரு பெயர் உண்டு. தாய் வீட்டில் இல்லாத நேரத்தில் பிள்ளையை வளர்த்தது எது என்பதை அப்பெயரே காட்டுகிறது என்று நான் சில வேளைகளில் நினைப்பதுண்டு. பிறகு பழஞ்சேலைத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தையோடு வயலுக்கு நடப்பாள். அத்துணியே ஏணை. வரப்போரம் ஒரு வேலமரம் இருந்தால் அதன் கிளையில் அது தொங்கும். எங்கள் ஊரில் நல்ல நிழல் தரும் புங்கமரங்கள் கவலைக் கிணற்று மேட்டில் நின்றன. அவற்றின் கிளையில் நம்மவர் ஏணை கட்டலாகாது. கிணற்று நீர் தீட்டுப்படும் என்பது நிலக்காரர் சொல். நிழலுக்கும் தீட்டு வைத்த ஊர்! ஆகவே வேலமரத்தின் கிழிந்த நிழலே நம் குழந்தைகளுக்கு. அம்மரமும் இல்லாத இடத்தில் குழந்தையை வரப்பில் கிடத்த வேண்டும். அங்கே எறும்பு மொய்க்கும்.

நடவு வயலில் குனிந்த பெண்கள் ஒரே வரிசையாகப் பின்வாங்கிச் செல்வார்கள். ஒருத்தி இடையில் எழுந்தால் வரிசை குலையும். மேற்பார்ப்பவன் குரல் கொடுப்பான். குழந்தை அழும் ஓசை காதில் விழும்போதே மார்பில் பால் கசிந்து இரவிக்கை நனையும். எழ முடியாது. நெடுநேரம் கொடுக்காவிட்டால் பால் கட்டிக்கொள்ளும். நெறி ஏறிக் காய்ச்சல் வரும். அவ்வலியோடு நாற்றை ஊன்றுவாள். வலி பொறுக்காதபோது வாய்க்கால் ஓரம் சென்று பாலைப் பீய்ச்சி நீரில் விடுவார்கள் என்று என் தாயார் கூறியதுண்டு. பசித்த பிள்ளை ஐம்பது அடி தொலைவில் கிடக்க, பால் வாய்க்காலில் போயிற்று. கூழ் குடிக்கும் நேரம் வந்தால்தான் சேறு படிந்த கையைக் கழுவி, வெயிலில் நின்ற உடம்பின் சூடு தணியச் சிறிது நேரம் காத்திருந்து, குழந்தையை மடியில் எடுப்பாள். கூழைக் குடிப்பதும் பாலைக் கொடுப்பதும் அந்த ஒரே இடைவேளையில் முடிய வேண்டும்.

பாட்டிமார் இல்லையா என்று கேட்கலாம். இருந்தனர். ஆனால் நடக்க வலுவுள்ள பாட்டியும் களையெடுக்கச் சென்றாள். நடக்க இயலாத பாட்டியால் குழந்தையைத் தூக்க முடியாது. எஞ்சியவள் ஏழெட்டு வயது மூத்த பெண்.

எங்கள் வீட்டில் அவள் என் அக்காள். நான் பிறந்தது 1958இல். அப்போது அவளுக்கு எட்டு வயது; அரிசன நலத்துறைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அப்பள்ளியை எங்கள் ஊரார் பழைய வழக்கப்படி லேபர் பள்ளி என்றே அழைத்து வந்தனர். காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தால் அங்கே நடுப்பகல் உணவும் உண்டு. சோற்றுக்காகவேனும் அக்காள் பள்ளியை விடவில்லை. என்னை இடுப்பில் சுமந்துகொண்டு சில நாள் வகுப்புக்குச் சென்றாளாம். நான் அழுதேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியர், குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வா என்றார். அவர் கொடியவர் அல்லர். ஓர் அறையில் மூன்று வகுப்புகளை நடத்தியவர். ஆனால் வீட்டில் விட ஆள் இல்லை. அவ்வளவில் முடிந்தது அவள் படிப்பு. அவள் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. என் பெயர் சில ஆண்டுகளுக்குப் பின் அதே பள்ளியின் பதிவேட்டில் எழுதப்பட்டது. அவள் தூக்கி வளர்த்த நான் ஆசிரியன் ஆனேன்.

இனி, வயலை விட்டு ஆலைக்கு வருவோம். வேலைக்குச் செல்லும் தாயின் நிலை அரசுகளின் கண்ணில் முதன்முதல் பட்டது ஆலைகளில்தான். 1891ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 11 மணி என்று வரையறுத்தது. 11 மணி என்பதே அன்று சலுகை! 1919இல் வாசிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் ஓய்வு வேண்டும் என்றும், பாலூட்ட நாளுக்கு இருமுறை அரைமணி நேரம் விட வேண்டும் என்றும் உடன்படிக்கை செய்தது. இந்திய அரசு அதில் கையொப்பமிடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைத் தாய்மார் வேலைக்குச் செல்லுமுன் குழந்தைக்கு அபினி கொடுத்து உறங்கவைத்த செய்தியை டாக்டர் புளோரன்சு பார்ன்சு என்னும் பெண் மருத்துவர் 1920களின் தொடக்கத்தில் ஆராய்ந்து எழுதினார். நம் ஊரில் வசம்பு; அங்கே அபினி. அபினி கொடுத்த தாயைப் பழித்துப் பேசியவர்கள் அன்று பலர் இருந்தனர். ஆலையின் சங்கு ஊதும் நேரத்தில் அழும் குழந்தையை என்ன செய்வது என்று அவளுக்குச் சொன்னவர் சிலரே.

என்.எம். ஜோஷி 1924இல் மத்திய சட்டசபையில் மகப்பேற்று உதவி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது தோற்றது. பின்னர் பம்பாய்ச் சட்டசபையில் அத்தகைய மசோதா வந்தபோது, 1928 ஜூலை 28 அன்று அண்ணல் அம்பேத்கர் அதனை ஆதரித்து உரையாற்றினார். அன்று அவருக்கு வயது 37. பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது. ஆகையால் அச்செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்பது முறை. எனினும் பெண்ணை வேலைக்கு வைப்பதால் ஆதாயம் அடைபவர் முதலாளி. ஆதலின் அவரும் ஒரு பங்கை ஏற்றாக வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பிள்ளைப்பேறு குடும்பத்தின் சொந்த விவகாரம், ஆலைக்கு அதில் என்ன என்று கேட்டவர் காலத்தில் சொல்லப்பட்ட வாதம் இது. அடுத்த ஆண்டு, 1929இல், பம்பாய் மகப்பேற்று உதவிச் சட்டம் நிறைவேறியது. சென்னை மாகாணத்தின் சட்டம் 1934ஆம் ஆண்டின் பெயரால் வழங்குகிறது. இடையில் 1931இல் அறிக்கை தந்த விட்லி குழு, நான்கு வாரம் முன்னும் நான்கு வாரம் பின்னும் ஓய்வளிக்கும் சட்டம் நாடெங்கும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

சட்டம் வந்ததும் ஆலைத் தாய் உடனே ஓய்வு பெற்றுவிடவில்லை. கருவுற்ற அறிகுறி தெரிந்தவுடன் வேலையிலிருந்து நீக்குவது, மணமாகாத பெண்களையும் பிள்ளைப்பேற்று வயது கடந்தவர்களையுமே தேடிச் சேர்ப்பது என்பன போன்ற வழிகளை முதலாளிகள் கண்டுபிடித்தனர். 1944இல் அமைக்கப்பட்ட ரெகே குழு இம்முறைகேடுகளை அறிக்கையில் பதிவு செய்தது.

இவ்வரலாற்றில் நம் பெண்கள் தாமே பேசிய ஒரு நாளை மறக்கலாகாது. 1942 ஜூலை 20 அன்று நாகபுரியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களின் அனைத்திந்திய மாநாடு கூடியது. சுலோசனாபாய் டோங்கரே தலைமை தாங்கினார். ஆலைகள், பீடித் தொழிற்சாலைகள், நகராட்சிகள், இரயில்வே ஆகியவற்றில் உழைக்கும் பெண்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு வேண்டும், ஓய்வூதியம் வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. அப்பட்டியலைக் கூர்ந்து நோக்குக. தெருக்கூட்டும் பெண்ணும் பீடி சுற்றும் பெண்ணும் அதில் இருந்தனர். அவர்களை அதுவரை தொழிலாளர் என்றே பலர் எண்ணியதில்லை.

அதே ஜூலை மாதத்தில் அண்ணல் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்றார். 1946 வரை அப்பதவியில் இருந்தார். சுரங்கப் பெண்களுக்கான மகப்பேற்றுச் சட்டம் 1941இல் வந்திருந்தது. அதனை 1943இலும் 1945இலும் அவர் திருத்தினார். சுரங்க முதலாளிகள் குழந்தைக் காப்பகம் அமைத்தாக வேண்டும் என்னும் கடமை அவர் காலத்தில் சட்டமாகி, 1946இல் காப்பக விதிகள் பிறந்தன. பக்கத்தில் இன்னொன்றையும் எழுத வேண்டும். போர்க்கால நிலக்கரித் தேவைக்காக, பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யக்கூடாது என்ற தடை 1943இல் தளர்த்தப்பட்டது. அம்முடிவைச் சபையில் விளக்கி நிற்க வேண்டியவராக இருந்தவரும் அவரே. 1946 பிப்ரவரியில் தடை மீண்டது. நமக்கு உவப்பானதை மட்டும் எழுதிச் செல்வது மலர்க் கட்டுரைகளின் வழக்கமாயினும், இதனை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. தாய்க்குச் சட்டம் இயற்றியவரும் போர்க்கால அரசின் நெருக்கடிக்குள் இருந்தே அதனை இயற்றினார்.

விடுதலைக்குப் பின் சட்டங்கள் விரைந்தன. 50க்கு மேற்பட்ட பெண்கள் உழைக்கும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். அந்த எண்ணிக்கை 1976இல் 30 ஆகக் குறைக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் 12 வார ஊதிய விடுப்பையும், குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகளையும் தந்தது. விடுப்பில் இருப்பவளை நீக்கலாகாது என்றும் விதித்தது. ஆலை, சுரங்கம், தோட்டம் என்று அச்சட்டம் தன் எல்லையை வகுத்துக்கொண்டது. என் தாயார் நின்ற வயல் அவ்வெல்லைக்கு வெளியே இருந்தது. அச்சட்டம் வந்தபோது எனக்கு மூன்று வயது; என்னை அடுத்த தம்பி ஏணையில் கிடந்தான்; அக்காள் அவனைச் சுமந்துகொண்டிருந்தாள்.

சட்டம் எட்டிய இடத்தில் வாழ்க்கை எவ்வாறு மாறியது என்பதை 1983இல் ஆனைமலைத் தோட்டங்களில் நேரில் கண்டேன். உறவினர் ஒருவரைக் காண வால்பாறைக்குச் சென்றிருந்தேன். அத்தோட்டங்களுக்கு நம்மவர் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட கதையை, அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். அது ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்துள்ளது. நான் சென்ற காலத்தில் அங்கே பிள்ளை மடுவம் இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் அதனைப் பிள்ளைக்காம்பிரா என்றும் கூறுவர். தகரக் கூரையிட்ட ஒரு நீண்ட அறை. குறுக்கே ஓடிய மரத்தில் பத்துப் பன்னிரண்டு ஏணைகள் வரிசையாகத் தொங்கின. கொழுந்தெடுத்துக் களைத்து ஓய்ந்த வயதான பெண் ஒருவர் ஆயாவாக அமர்ந்து இரண்டு ஏணைகளைக் கயிறுகட்டிக் கையாலும், ஒன்றைக் காலாலும் ஆட்டிக்கொண்டிருந்தார். இடைவேளையில் தாய்மார் கூடையை வெளியே இறக்கிவிட்டு ஓடிவந்தனர். மழையில் நனைந்த கம்பளியைக் களைந்து, சுவரோரம் அமர்ந்து பால் கொடுத்தனர். பேச்சில்லை, குழந்தைகள் குடிக்கும் ஓசை மட்டும். பின்னர் மீண்டும் மலையேறினர். அட்டைக்கடியும் கடுங்குளிரும் லயத்து அறையின் நெருக்கமும் உள்ள அவ்வாழ்வை நல்வாழ்வு என்று எவரும் கொள்ள வேண்டா. ஆனால் மடுவத்தின் வாசலில் எட்டு வயதுச் சிறுமி எவளும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. சற்றுத் தொலைவில் தோட்டத்துப் பள்ளியின் மணி அடித்தது. அக்காளை நினைத்துக்கொண்டு அங்கேயே சிறிது நேரம் நின்றேன்.

பேரணாம்பட்டும் குடியாத்தமும் சார்ந்த நம் பகுதியில் வயலுக்கு மாற்றாகப் பல பெண்கள் பீடி சுற்றினர். குழந்தையை விட்டுப் பிரியாமல் செய்யலாகும் வேலை என்று அதனைப் போற்றினர். உண்மைதான்; முறம் மடியில், ஏணைக் கயிறு கால் விரலில். புகையிலைத் தூள் படிந்த விரலைக் கழுவிவிட்டுப் பால் கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ச் செவிலியர் வீடுதோறும் கூறி வந்தார். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் மகப்பேற்றுப் பயனை வீட்டில் சுற்றுவோருக்கும் சில மாற்றங்களுடன் நீட்டியது. காப்பகம் மட்டும் தொழிற்கூடத்திற்கே உரியதாயிற்று; வீடே தொழிற்கூடமானால் காப்பகம் ஏது? அங்கும் இலை நறுக்கவும் குழந்தையைப் பார்க்கவும் மூத்த பெண்ணே உட்கார்ந்தாள்.

நான் 1979இல் ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். வருகைப் பதிவேட்டை மாத இறுதியில் கூட்டிப் பார்க்கும்போது நடவு மாதமும் அறுவடை மாதமும் தாமே தெரியும். பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே வராத குறிகள் நிரம்பியிருக்கும். காரணம் கேட்டால், தம்பியைப் பார்த்துக்கொள்கிறேன் சார் என்பாள். அக்காளுக்கு அவள் ஆசிரியர் கூறிய அதே சொற்கள் என் நாவிலும் எழுந்தன. சில வேளை கூறியும் விட்டேன். இன்று அதனை மறைப்பதற்கில்லை.

பதிவேடு மாறத் தொடங்கியது 1982க்குப் பின்னர். எம்.ஜி.ஆர். அரசு அவ்வாண்டு ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பள்ளிப் பிள்ளைகளின் சோற்றைப் பற்றியே பேசுவர். நான் கண்ட மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. அத்திட்டம் இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளையும் குழந்தைகள் மையங்களில் சேர்த்தது. எங்கள் ஊரில் அம்மையம் பள்ளிக்கு இரு வீடு தள்ளி அமைந்தது. தம்பியை அங்கே விட்டுவிட்டு அக்காள் வகுப்புக்கு வந்தாள். பகலில் எட்டிப் பார்த்துவிட்டு மீண்டு வந்தாள். அங்கே ஆயாவாகவும் சமையலுக்கும் சேர்ந்த பெண்களில் நம் தெருப் பெண்களும் இருந்தனர். அவர்கள் சமைத்த சோற்றைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று சில ஊர்களில் எழுந்த பூசல்கள் தனி வரலாறு.

இரண்டு வயது நிறைந்த குழந்தைக்கு இடம் கிடைத்தது. நிறையாத குழந்தைக்கு? பால்குடி மறவாத பிள்ளை தாயின் இடுப்பிலும் அக்காளின் இடுப்பிலுமே இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேற்று உதவித் திட்டம் வயலில் உழைக்கும் தாயையும் முதன்முறையாகக் கருத்திற் கொண்டது. அவ்வுதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இத்தொகை தவணை தவணையாக வந்தாலும், பத்தாம் நாளே நாற்றங்காலுக்குச் செல்லும் அவலத்தைப் பல வீடுகளில் தடுத்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமோ ஏணைக்கே இடம் தந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் வேலையிடத்திற்கு வந்தால், அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று விதித்தது. குழந்தையைப் பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று வயற்காட்டுப் பெண்ணுக்குச் சட்டம் சொன்னது அதுவே முதல் முறை என எண்ணுகிறேன். என் அக்காள் அவ்வேலையைக் கூலியின்றிப் பத்தாண்டுகள் செய்தாள். நான் கண்ட ஏரி வேலைகளில் அவ்விதி பாதியளவே நடந்தது. மரத்தடியில் தார்ப்பாய் கட்டி ஒரு மூதாட்டியை அமர்த்திய ஊர்களும் உண்டு. குழந்தையோடு வருபவளைக் கூட்டத்தின் கடைசியில் நிறுத்திய ஊர்களும் உண்டு.

படித்து அரசுப் பணியில் அமர்ந்த நம் பெண்களின் நிலை இன்று வேறு. தமிழ்நாட்டில் அரசுப் பெண் ஊழியர்க்கான மகப்பேறு விடுப்பு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்ந்தது. நம் சங்கத்தின் உதவியால் பயின்று ஆசிரியையான ஒருத்தி ஓராண்டு விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பியபோது, குழந்தையைப் பார்க்க நம் தெருவிலிருந்தே ஒரு பெண்ணை மாதச் சம்பளத்திற்கு அமர்த்தினாள். வந்தவளுக்கும் வீட்டில் பத்து மாதக் குழந்தை இருந்தது. அக்குழந்தையையும் உடன் அழைத்து வா என்று ஆசிரியை கூறிவிட்டாள். இரண்டு ஏணைகள் ஒரே கூடத்தில் தொங்கின. இதனை அவள் பெருமையாகக் கூறவில்லை. வேறு வழி தெரியவில்லை என்றே கூறினாள்.

தனியார் துறையில் 2017ஆம் ஆண்டின் திருத்தம் முதல் இரு பேறுகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றது. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் நம் பெண்கள் உழைக்கின்றனர். அவர்களுள் என் அக்காளின் பேத்தியும் ஒருத்தி. அவள் விடுப்பை முழுமையாகப் பெற்றாள். அவள் வேலை செய்யும் இடத்தில் காப்பகமும் உண்டு. தூய்மையாக இருக்கிறது என்கிறாள். ஆனால் தொழிற்சாலைப் பேருந்து காலை ஆறே முக்காலுக்குத் தெருமுனைக்கு வருகிறது. நின்றுகொண்டு வரும் கூட்டத்தில் ஏழு மாதக் குழந்தையோடு ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்ய இயலாது. ஆதலால் அவளுக்குரிய நான்கு இடைவேளைகளும் அவளுக்குப் பயன்படுவதில்லை. பால் கட்டிக்கொண்டால் கழிப்பறையில் பீய்ச்சி விடுகிறாள். என் தாயார் வாய்க்காலில் விட்டதை நான் அவளுக்குச் சொன்னதில்லை.

குழந்தையை வீட்டில் பார்ப்பவள் அக்காள். அவளுக்கு வயது எழுபத்தைந்து கடந்துவிட்டது. நம் சங்கம் தொடங்கிய புதிதில் பெண்களுக்கு இரவு வகுப்பு நடத்தியபோது அவளையும் வருமாறு அழைத்தேன். “கைக்குழந்தையோட வந்தா சேத்துக்குவியாடா?” என்று கேட்டாள். அப்போது அவள் மடியில் இருந்தவள் இந்தப் பேத்தி. சேர்த்துக்கொண்டோம். வகுப்பறை உத்தரத்தில் ஒரு ஏணை கட்டினோம். அவ்வாண்டு மேலும் நான்கு ஏணைகள் கட்ட வேண்டியதாயிற்று. தன் பெயரையும் என் பெயரையும் எழுதக் கற்ற பின்னர், கண் மங்குகிறது என்று அவள் நின்றுவிட்டாள்.

அவ்வீட்டில் இன்னொரு பெண்பிள்ளை உண்டு, பேத்தியின் தங்கை. அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாளில், இன்று ஒரு நாள் மட்டும் தங்கையை நிறுத்திக்கொள்ளலாமா என்று பேத்தி கேட்டாளாம். அக்காள் பதில் ஏதும் கூறாமல் புத்தகப் பையை எடுத்துச் சின்னவளிடம் கொடுத்து வாசல் வரை சென்று அனுப்பிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு நடந்தாள். மாலையில் பேருந்து வந்து நிற்கும் நேரத்தில் தெருமுனை வேப்பமரத்தடியில் குழந்தையோடு அவளைக் காணலாம்.